டெல்லிக்கு வாங்கிய ஸ்வெட்டர்

என் வீட்டுக்காரருக்கு டெல்லியைத் தெரியும். பார்த்ததில்லை, ஆனால் தெரியும். போடியில் ஏலக்காய் மண்டியில் வேலை பார்த்த காலம் முழுக்க மூட்டைகளின் மேல் டெல்லி டெல்லி என்று மையால் எழுதி லாரி ஏற்றியவர். அங்கே சரக்கு எடுக்கும் சேட்டிடம் போனில் அரைகுறை இந்தியில் பேசியே, செங்கோட்டைக்கு எதிரே நீளமாகக் கடைத்தெரு, அது முடிகிற இடத்தில் மசாலாச் சந்தை என்று எல்லாம் கேட்டு வைத்திருந்தார். ரிட்டையர் ஆனதும் உன்னைக் கூட்டிப் போகிறேன் என்பார். ரிட்டையர் ஆன கையோடு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்களும் வியாழனும் பழனிசெட்டிபட்டியிலிருந்து பஸ் ஏறி, தேனி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு அரைப் பொழுது கிடந்து, துவண்டு போய்த் திரும்புவோம்.

இந்த லட்சணத்தில் டெல்லி ஒரு கேடா என்று நான் வாய்விட்டே கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெஷினில் கிடக்கும் நேரமெல்லாம் திட்டம்தான். வியாழன் டயாலிசிஸ் முடிந்ததும் ராத்திரி தேனியிலேயே ரயில் ஏறினால் மறுநாள் சென்னை, அங்கிருந்து இன்னொரு ரயில், ஞாயிறு காலை டெல்லி. திங்கட்கிழமை அங்கே ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் மெஷின் கிடைத்துவிட்டால் போதும். செவ்வாய், புதன் சுற்றிவிட்டு வியாழன் மறுபடி மெஷின், ராத்திரி ரயில். மார்கழியில்தான் போக வேண்டும், ஏனென்றால் குளிரில் தாகம் எடுக்காது. நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று அளந்து குடிக்கிறவர் அதையும் யோசித்து வைத்திருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் மயிலாடும்பாறை விவசாயி ஒருவர். இவரைவிட ரெண்டு வருஷம் முந்தி மெஷினுக்கு வந்தவர். முதலில் பொழுது போகக் கேட்டுக்கொண்டிருந்தவர், போகப் போக இவரைவிட மும்முரமாகிவிட்டார். கோட்டைக்குள்ளே ராசா படுத்த அறையைப் பார்க்க விடுவார்களா, குதுப் மினாரில் ஏற விடுவார்களா என்று துளைப்பார். இவர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

டாக்டரிடம் கேட்டபோது அவர் கூடாது என்று சொல்லிவிடுவார், பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டே, "போறதுன்னா இந்தக் குளிருக்கே போயிட்டு வந்துருங்க. அடுத்த வருசம்னு தள்ளாதீங்க" என்றார். அன்று முதல் நானும் திட்டத்தில் சேர்ந்துகொண்டேன். டெல்லி ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட்டெல்லாம் அனுப்பி இடம் வாங்கினோம். டிக்கெட் எடுத்தோம். உப்புப் போடாத இட்லிப்பொடி அரைத்தேன். தேனி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளாட்பாரக் கடையில் முன்பக்கம் பட்டன் வைத்த பழுப்பு ஸ்வெட்டர் ஒன்று வாங்கினோம், ஊசி போடக் கையை வெளியே எடுக்க லேசாக இருக்கும் என்று.

ஊசி ஏறுவதற்காக அவருடைய இடது கையில் அறுவை செய்து ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் மிக்ஸி ஓடுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். தினமும் காலையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். புறப்பட ஒரு வாரம் இருந்தபோது ஒருநாள் தொட்டேன். அதிர்வு இல்லை. அவரை எழுப்பாமல் மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தேன். சாமியைத் திட்டினேன்.

மதுரைக்கு ஓடினோம். அடைத்துப் போனதைத் திறக்க முடியவில்லை. கழுத்தில் ஒரு குழாயைச் சொருகி, இனி கொஞ்ச காலத்துக்கு இதிலேதான் டயாலிசிஸ் என்றார்கள். காய்ச்சல் வேறு கண்டது. டிக்கெட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நானே போனில் ரத்து செய்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை தேனிக்கு மெஷினுக்கு வந்தோம். ஏசி குளிருக்கு அந்த ஸ்வெட்டரைத்தான் போட்டிருந்தார். மயிலாடும்பாறைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டீகளாண்ணே. டெல்லி எப்படி இருந்துச்சு?"

இல்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். கோட்டைச் சுவர் எவ்வளவு உயரம், காலையில் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாமல் பத்து மணிக்கு மேல்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு தெரிந்தது, மசாலாச் சந்தையில் காரம் ஏறி இவளுக்குத் தும்மல் நிற்கவில்லை, சேட்டு கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் ஸ்வெட்டர் கழுத்தை இழுத்துக் குழாய் தெரியாமல் பிடித்துக்கொண்டு ரெண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றேன். மயிலாடும்பாறைக்காரர் குழாயைப் பார்த்திருப்பார். அத்தனை வருஷம் அங்கே கிடப்பவருக்கு அது என்னவென்று தெரியாதா? ஆனாலும் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். குதுப் மினாரில் ஏற விட்டார்களா என்றார். விடவில்லை, கீழே நின்றுதான் பார்த்தோம் என்றார் இவர்.

திரும்பும்போது பஸ்ஸில், "உன் தங்கச்சியக் கூட்டிக்கிட்டு நீ போயிட்டு வா. நான் சொன்னதெல்லாம் சரியான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

"உங்கள விட்டுட்டு எனக்கென்ன டெல்லி? பேசாம வாங்க."

"எனக்குப் பின்னாடி போனா யார்கிட்ட வந்து சொல்லுவ?"

பழனிசெட்டிபட்டி வந்துவிட்டது. கைத்தாங்கலாக அவரை இறக்கினேன். தங்கச்சிக்கு இன்னும் நான் போன் செய்யவில்லை.