எட்டாவது ஆள் ஏறும் வரை

கைரவான் ஊரின் லுவாஜ் நிலையத்தில், அதாவது ஷேர் டாக்ஸி நிலையத்தில், ஸல்ஹாவின் வாய்க்குப் பயப்படாத டிரைவர் ஒருவன்கூடக் கிடையாது. அண்ணன் இத்தாலிக்குப் போனபோது விட்டுச்சென்ற மெக்கானிக் கடையை, நிலையத்தின் கேட்டுக்கு வெளியே, வருஷக்கணக்காக அவள்தான் நடத்துகிறாள். கையில் எப்போதும் கிரீஸ், நாக்கில் எப்போதும் மிளகாய்.

நிலையத்துச் சட்டம் ஒன்றுதான். வந்த முறைப்படி வண்டிகள் வரிசையில் நிற்கும். முதல் வண்டியில் எட்டுப் பேர் ஏறியதும் அது கிளம்பியாக வேண்டும். கிளம்ப முடியவில்லையா, ஆட்கள் மூட்டை முடிச்சோடு அடுத்த வண்டிக்கு மாறிவிடுவார்கள். அந்த டிரைவர் வரிசையின் வாலுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். ரிப்பேருக்காகக் கேட்டைத் தாண்டி வெளியே போனாலும் முறை போச்சு. அதனால் கீச்சென்று கத்தும் வண்டியைக்கூடக் கத்தவிட்டே ஓட்டினார்கள், புத்திசாலிகள்.

ஆள் சேரும் நேரத்திலேயே, வரிசையில் வைத்தே வேலையை முடித்துக் கொடுத்தால் என்ன என்று ஸல்ஹாவுக்குத் தோன்றியது. அதற்காகவே துனிஸுக்குப் போய் ராட்செட் ஸ்பானர் ஒரு செட் வாங்கி வந்தாள். பிறகு வரிசையைப் பார்த்துக்கொள்ளும் ஜல்லூலைப் பிடித்து நச்சரித்தாள். மனிதர் கடைசியில் இறங்கி வந்தார்.

"உள்ள வந்து செய். ஆனா உன்னால ஒரு வண்டி முறை தவறிச்சுன்னு வையி, அன்னையோட சரி. அப்புறம் இந்தக் கேட்டுக்குள்ள நீ கால் வைக்கக் கூடாது."

"தவறினாத்தானே" என்றாள் ஸல்ஹா.

ராட்செட்டின் கிறுகிறு சத்தத்தைக் கேட்டதும் துஹாமி என்கிற டிரைவருக்குக் குஷி தாங்கவில்லை. "அழற புள்ளைக்குக் கிலுகிலுப்பை வாங்குவாங்க. உனக்கு எதுக்குக்கா?"

"உன் வாயை அடைக்கத்தான். அளவு சரியா இருக்கும், வா."

யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவள் விளக்கம் சொல்வாள். இண்டு இடுக்கில் சாதா ரிங் ஸ்பானரைக் கால் சுற்று திருப்பி, கழற்றி, மறுபடி மாட்டியே பாதி ஆயுசு போய்விடும்; இதை மாட்டிவிட்டு மணிக்கட்டை ஆட்டினால் போதும். துருப்பிடித்து இறுகிய போல்ட்டை மட்டும் முதலில் பழைய ஸ்பானரால் அசைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பல் உடைந்துவிடும். ஊரில் எவனைக் கேட்டாலும் இது தண்டச் செலவு என்பான், அவனுக்கு என்ன தெரியும்? அந்தக் கோடை முழுக்க ஒரு வண்டியும் முறை தவறவில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் லாமினின் வண்டி வரிசையில் முதலில் நின்றது. "டைனமோ செத்துப்போச்சுக்கா. வண்டியை அணைச்சுட்டேன், இனி கிளம்பாது" என்றான் அந்தப் பையன், முகம் தொங்கிப்போய். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஸல்ஹாவின் கடையில் அதே மாதிரி டைனமோ ஒன்று சரிபார்த்துத் தயாராக இருந்தது.

"எட்டுப் பேர் வர்றதுக்குள்ள முடியுமா?"

"ஆறாவது ஆள் வர்றதுக்குள்ள முடிப்பேன். நீ போய் டீ குடி."

அந்த வண்டியின் டைனமோவைப் பிடித்திருக்கும் அடிப் போல்ட் நீளமானது. எதிரே சேஸிஸ் வழிமறிக்கும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டைத் தளர்த்தி, ஜாக்கி வைத்துக் கொஞ்சம் தூக்கினால்தான் அது வெளியே வரும். அவளுக்கு இது தூக்கத்திலும் தெரியும். ஆனால் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், ராட்செட் கையில் பாடுகிறது, போல்ட் வெண்ணெயாக வருகிறது. ஜாக்கியை மறந்தே போனாள். போல்ட்டின் தலை ஸ்பானரோடு சேர்ந்து சேஸிஸில் போய் முட்டியது.

ஸ்பானர் நடுவில் சிக்கிக்கொண்டது. அந்த வகை ராட்செட் ஒரு திசையில்தான் பிடிக்கும். எதிர்த்திசையில் முடுக்கக் கழற்றிப் புரட்டிப் போட வேண்டும், கழற்றத்தான் இடமில்லை.

பெருநாள் கூட்டம் திமுதிமுவென்று வந்துகொண்டிருந்தது. "அஞ்சு" என்றான் அடுத்ததாக நின்ற தன் வண்டியில் சாய்ந்துகொண்டிருந்த துஹாமி. கொஞ்ச நேரத்தில் "ஆறு". லீவில் ஊருக்குப் போகும் சிப்பாய் ஒருவன் ஏறினான். "ஏழு. அக்கா, கிலுகிலுப்பை பாடலையே?"

ஜல்லூல் எழுந்து வந்து வண்டிக்குள் தலைகளை எண்ணினார்.

எட்டாவதாக வந்தவள் மன்னூபியா, மகள் வீட்டுக்கு மக்ரூத் இனிப்புப் பெட்டியோடு கிளம்பிய பெரிய மனுஷி. பானட்டுக்குள் தலையை விட்டுக் கிடந்தவளைப் பார்த்தாள்.

"என்னடி பண்றே?"

"அவசரப்பட்டு ஸ்பானரைச் சிக்கவிட்டுட்டேன் பெரியம்மா."

"எடுத்துடுவியா?"

"எடுத்துடுவேன்."

"ஏறுங்க பெரியம்மா, வண்டி நிறைஞ்சாச்சு" என்றான் துஹாமி.

"நான் ஏறினாத்தானே நிறையும்? துனிஸ் வரைக்கும் உக்காரணும், கால் மரத்துப்போகும், கொஞ்சம் நின்னுக்கறேன். உனக்கு என்ன அவ்வளவு அக்கறை?"

துஹாமி ஜல்லூலைப் பார்த்தான். "ஏழுதானே உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டு ஜல்லூல் சிகரெட் பற்றவைத்தார்.

ஸல்ஹா மூக்குக் குறடை உள்ளே விட்டு, போல்ட்டின் வெறும் உடம்பைக் கவ்வி, உள்பக்கமாகத் திருப்பினாள். வழுக்கியது. துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி கவ்வினாள். மயிரளவு நகர்ந்தது, இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, ஸ்பானர் தளர்ந்து கையோடு வந்தது. பிறகு ஜாக்கியை வைத்து எஞ்சினைத் தூக்கினாள். போல்ட்டின் கடைசி மரைகளை விரலால் கழற்றி அதை வெளியே எடுத்தாள். புது டைனமோவை மாட்டும்போது மறுபடி ராட்செட்டைத்தான் எடுத்தாள். தப்பு செய்தது அவள், அது என்ன செய்யும்? பக்கத்து வண்டியின் பாட்டரியிலிருந்து ஒயர் கொடுத்ததும் லாமினின் வண்டி உறுமியது.

"கால் சரியாயிடுச்சு" என்று மன்னூபியா ஏறி உட்கார்ந்தாள்.

லாமின் போனதும் துஹாமியின் வண்டி முன்னால் நகர்ந்து நின்றது. அவன் இறங்கிக் கொஞ்ச நேரம் டயரை உதைத்துப் பார்த்தான். பிறகு பானட்டைத் திறந்தான்.

"எனக்கும் அதே டைனமோதான்க்கா. ஒரு வாரமா லைட்டு மங்குது. மூணு பேர்தான் ஏறியிருக்காங்க." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அந்தக் கிலுகிலுப்பையையும் எடுத்துட்டு வா."

ஸல்ஹாவின் நாக்கு நுனியில் அருமையான பதில் ஒன்று இருந்தது. அதை விழுங்கிவிட்டு, முதலில் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்தாள்.