கரையில் ஒரு கறுப்புப் பெட்டி

ராஜபாளையத்தில் தம்பி கட்டியிருக்கும் புது வீட்டில், மழை பெய்தால் குளியலறைக்குள் கரம்பை மண் வாசம் வருகிறது. மண்ணடித்து மேவி, பிளாட் போட்டு, டைல்ஸ் ஒட்டி மூடினாலும் கீழே கிடப்பது எங்கள் கண்மாய்தானே.

தெருவுக்கு ஒரு படித்துறை இருந்தது. எங்களுக்கு அடுத்த துறையில் தெலுங்கு பேசுகிற பெண்கள் துவைப்பார்கள். சங்கு ஊதியதும் மில்லிலிருந்து பஞ்சு ஒட்டிய தலைகளோடு வருகிறவர்கள் மடைப்பக்கம் முங்குவார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் பட்டாளத்தில் இருந்தார்கள். லீவில் வருகிறவர்கள் பெட்டியைக் கரையில் வைத்துவிட்டு, ரயில் அழுக்குப் போகக் குளித்து, ஈரத் தலையோடுதான் வீட்டுப் படி ஏறுவார்கள் என்பதால், அப்பா வந்த சேதி எனக்கு எப்போதும் துவைத்துக்கொண்டிருக்கும் ஏதாவதொரு அத்தையிடமிருந்துதான் வரும்.

"ஏட்டி, ஒங்கய்யா பெட்டி கரையில இருக்கு, ஓடு."

அவர் குளித்து ஏறும்வரை, வெயிலில் சுடுகிற அந்தக் கறுப்புத் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பேன்.

கண்மாய் நிறைந்து கிடந்த ஒரு தை மாதம், பெட்டி மட்டும் ஜீப்பில் நேராக வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்த பட்டாளத்துக்காரர் அதை வாசலில் இறக்கிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். பிறகு உள்ளே எடுத்துவைக்கக் குனிந்தவரை அம்மா தடுத்தாள்.

"செத்த நேரம் இருங்க. அவிய குளிக்காம உள்ள வரமாட்டாவ."

குடத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். திரும்பி வந்து, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற பக்குவத்தில், அந்தத் தண்ணீரைப் பெட்டிமேல் மெதுவாக ஊற்றினாள்.