நல்லாத்தான் இருக்கேன்

அச்சகத்துக்காரரிடம் யார் எப்போது நலம் விசாரித்தாலும் ஒரே பதில்தான்: "நல்லாத்தான் இருக்கேன்." முடக்குவாதம் இரண்டு கைகளையும் மடக்கிப்போட்டு, அச்சு இயந்திரத்தை விட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிப் பல வருஷமாகிறது. பதில் மட்டும் மாறவேயில்லை. மளிகைக் கடைக்காரரிடம் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. மனிதர் டாக்டரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரும் நல்ல பிள்ளையாக ஒவ்வொரு தடவையும் 'நலமாக உணர்கிறார்' என்று எழுதி வைத்துவிட்டார். இவ்வளவு நலமாக இருப்பவருக்கு மாதாமாதம் உதவித்தொகை எதற்கு என்று காப்பீட்டு அலுவலகம் நியாயமாகவே கேட்டது. நேரில் வந்து விளக்கம் சொல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்களாம். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை அடிமடியிலேயே கை வைத்துவிட்டது.

அவருடைய மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. வாங்க வருகிறவர்கள் கலைத்துப் போட்டதையெல்லாம் நாள் முழுக்க நின்றுகொண்டே மடித்து அடுக்க வேண்டும். அந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்தால் மருந்துக்கு இல்லை, மருந்து வாங்கினால் வீட்டுச் சொந்தக்காரர் முகத்தில் விழிக்க முடியாது. உதவித்தொகை நின்றால் நடுத்தெருதான். அது அவருக்கும் தெரியும். ஆனால் உழைக்காமல் வாங்கும் காசு அவருக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. வலி சற்று அடங்கிய நாளில் வாசலில் இறங்கி வெயில் காய்ந்துவிட்டு வந்தாலும், "என்னை யாராவது பாத்தாங்களா?" என்று திருடனைப் போலக் கேட்பார்.

காப்பீட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாள் காலையில் அவளுடைய அண்ணன் ஃபோன் செய்தான். அவள் கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள்.

"மாப்பிள்ளைய ஷேவ் பண்ண விடாத. கசங்கின சட்டையா மாட்டிக் கூட்டிட்டுப் போ. ஆளப் பாத்தாலே பாவமா இருக்கணும்."

"ஏற்கனவே ஷேவ் பண்ணியாச்சு மச்சான்," என்றார் அவர். அவர் மனைவியைப் பார்த்தார். "வேஷம் போட்டு வாங்குற காசு நமக்கு வேணாம். நீ அங்க ஒரு பொய் சொன்னேன்னு தெரிஞ்சாலும், நானே போய் வேணாம்னு எழுதிக் குடுத்துடுவேன்."

சொன்னால் செய்கிற ஆள்தான். அவள் காலர் பொத்தானையும் போட்டுவிட்டாள்.

அலுவலகத்தில் விசாரித்த அம்மாள் கெட்டவள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "எப்படி இருக்கீங்க சார்?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன் மேடம். நீங்க சௌக்கியமா?"

பக்கத்தில் இருந்தவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அம்மாள் அதை எழுதப் பேனாவை எடுத்துவிட்டாள்.

"அத எழுதாதீங்க மேடம்," என்றாள் மனைவி. "அவர் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். இந்தச் சட்டைய மாட்டிவிட்டது நான். சோத்தப் பிசைஞ்சு ஊட்டுறதும் நான்தான். பாத்ரூம்ல கழுவி விடறதும் நான்தான். வலி வந்தா நான் முழிச்சுக்கக் கூடாதுன்னு துண்ட வாயில அடைச்சுக்குவார். நானும் தூங்குற மாதிரியே கெடப்பேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. இத்தனை வருஷம் அடக்கியதெல்லாம் மடை உடைந்ததுபோல வந்தது.

"சில நாள் கடையச் சாத்தின பிறகும், மடிச்ச துணியவே பிரிச்சுப் பிரிச்சு மடிச்சிக்கிட்டு இருப்பேன் மேடம். வீட்டுக்குப் போகவே பயமா இருக்கும். இவர்கிட்ட கடையில கூட்டம்னு சொல்லிடுவேன்."

அவர் தன் முழங்கால்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். தொகை நிற்காது, தானே எழுதி அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். "டாக்டர்கிட்டயும் இப்படியே சொல்லுங்கம்மா," என்றாள்.

படியிறங்கும்போது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் நிறுத்தம் வருவதற்குள் அது வடிந்துவிட்டது. கூட வருகிறவர் தரையைப் பார்த்தே நடந்துகொண்டிருந்தார். கட்டின புருஷனை ஊரார் முன் உரித்து வைத்துவிட்டு, அதில் ஜெயித்ததற்குச் சந்தோஷப்பட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வெயில், பஸ், இராத்திரிக்கு என்ன சமைப்பது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள்.

"ஒண்ணு கேக்கவா?" என்றார் அவர். "கடையச் சாத்தின பிறகும் மடிச்சிக்கிட்டு இருப்பேன்னியே. அது பணம் நிக்கக் கூடாதுன்னு சொன்னதுதானே?"

எப்படியாவது ஆமாம் என்று சொல்லிவிடு என்று அந்த முகம் கெஞ்சியது. சொன்னால் அவர் மனம் ஆறிவிடும். ஆனால் அவள் அங்கே சொன்னது பொய் என்று தெரிந்ததும் அப்படியே திரும்பப் படியேறி, பணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். 'எனக்கென்ன கஷ்டம்' என்று எத்தனையோ தடவை வாய் கூசாமல் சொன்னவளுக்கு, இந்த ஒரு பொய்யைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

"இல்லங்க," என்றாள். "நெஜம்தான்."

அவர் தலையாட்டினார்.

"அப்போ அது நமக்கு வர வேண்டிய காசுதான்," என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இனிமே கூட்டம்னு எல்லாம் சொல்ல வேணாம். இருந்துட்டு வரணும்னு தோணுச்சுன்னா, இருந்துட்டே வா."