மேலங்கி அணிந்திருந்த தன்னார்வலர்

சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வில்லங்கம், வழக்குக் கட்டு என்று ஊர்ச் சட்டமெல்லாம் என் மெஷினுக்குள் போய் இரண்டு காப்பியாக வெளியே வரும். ஒரு வரி படித்ததில்லை. அப்படிப்பட்ட நான் போன வருஷம் தீயணைப்புத் துறைக்கான ஒரு வரைவு மசோதாவை, கடைக்கு வந்தவர்களை "அரை மணி கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டு, நின்றுகொண்டே படித்தேன்.

காரணம் இருந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் தீயணைப்பு நிலையத்துக்குத் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது. நிலையத்திலிருந்து போன் வந்தால் போட்டது போட்டபடி ஓடுவோம். எங்கள் பக்கம் தீயைவிடக் கிணறுதான் அதிக வேலை வைக்கும். சுற்றுச்சுவர் இல்லாத பம்புசெட் கிணறுகள்; மேயப்போன மாடு கால் தவறி உள்ளே விழுந்துவிடும். இத்தனை வருஷம் ஓடியும் எந்தக் காகிதத்திலும் எங்களுக்கு இடமில்லை. இந்த மசோதாவிலோ "தன்னார்வலர்" என்று அச்சிலேயே போட்டிருந்தார்கள். அழைப்புக்குப் போன காரணத்தால் முதலாளி வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, காயம்பட்டால் அரசே வைத்தியமும் நிவாரணமும் பார்க்கும் என்று இருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. உடனே ஆட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

ஆட்டுக்காரர் பனவடலிசத்திரத்துக்காரர். எங்கள் கூட்டத்தில் கிணற்றுக்குள் இறங்குவது அவர் ஒருவர்தான். நான் மேலே நின்று கயிறு பிடிப்பவன், கூடவே யோசனையும் சொல்பவன். அதற்கு முந்தைய ஐப்பசியில் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒரு கிணற்றில், மாட்டு வயிற்றுக்கு அடியில் முங்கிப் பெல்ட்டை மாட்டும்போது அது உதைத்து, அவருக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. நிலைய அலுவலர் நல்ல மனுஷர், உதவி கேட்டு மேலே எழுதினார். தன்னார்வலர்களுக்கு அப்படி விதி ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. அன்றைக்கே ஆட்டுக்காரர் மனைவி சொல்லிவிட்டாள்: "இவுக உசுருக்கு ஒரு வழிய சட்டத்துல எழுதட்டும். பெறவு கெணத்துல இறங்கட்டும்."

அவள் சொன்னால் சொன்னதுதான். எலும்பு கூடிய பிறகும் அவர் வரவில்லை. ஒருநாள் தீயணைப்பு வண்டி புளியங்குடிப் பக்கம் வேறொரு தீக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு சினைப்பசு எங்கள் கண்ணெதிரே மூழ்கியது. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் மேலே நின்றேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஆட்டுக்காரர் மொபெட்டில் வந்து இறங்கினார். நான் ஒவ்வொரு வரியாக, ஏதோ எனக்கே கல்யாணப் பத்திரிகை வந்ததுபோல, சத்தமாகப் படித்துக் காட்டினேன். நிவாரணப் பகுதி வந்ததும் குரலை இன்னும் உயர்த்தினேன்: "பணியின்போது அடையாள மேலங்கி அணிந்திருந்த தன்னார்வலர் காயமுற்றால்..."

"நில்லும் அண்ணாச்சி. மேலங்கின்னா எது?"

"நமக்குக் குடுத்திருக்காவள்லா, ஆரஞ்சுக் கலர்ல ஒண்ணு. அதான்வே."

"அத நான் மோட்டார் ரூம்லல்லா கழட்டிப் போட்டுட்டு இறங்குதேன். அப்போ கெணத்துக்குள்ள நான் யாரு?"

உண்மைதான். கிணற்றடிக்குப் போனதும் மேலங்கி, சட்டை, செருப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அரைக்கால் டவுசரோடு இறங்குவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இந்தச் சட்டப்படி, கரையில் நின்று யோசனை சொல்லும் நான் வழுக்கி விழுந்தால் எனக்கு நிவாரணம் உண்டு. தண்ணீருக்குள் உதை வாங்குகிறவருக்குக் கிடையாது. வந்த கோபத்தில் அந்தத் தாளைக் கசக்கிவிட்டேன். பிறகு நீவி இன்னொரு காப்பி எடுத்தேன்.

மசோதாவைப் பற்றித் தென்காசியில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடப்பதாக நிலைய அலுவலர் சொன்னார். புறப்பட்டோம். நான் வெள்ளை வேட்டி சட்டை, ஆட்டுக்காரர் கையில் மேலங்கி வைத்த மஞ்சள் பை. புளியங்குடியில் பஸ் மாறினோம். எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றபடி நான் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். சட்டத்தில் ஒரு வரியை மாற்றப் போகிறேன், நான், ஜெராக்ஸ் கடைக்காரன்!

கூட்டத்தில் கல்யாண மண்டபக்காரர்கள், மில்காரர்கள், பட்டாசுக் கடைக்காரர்கள் எல்லாரும் லைசென்ஸ் பற்றியே பேசினார்கள். கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம். நான் மைக்கைப் பிடித்தேன். நம் ஊர் மேடை வழக்கம் இருக்கிறதே, அது என்னைக் கவிழ்த்துவிட்டது. தலைமை தாங்கும் அம்மையீர் அவர்களே, முன்னிலை வகிக்கும் அய்யா அவர்களே, இடப்பக்கம் வீற்றிருக்கும், வலப்பக்கம் வீற்றிருக்கும் என்று ஒருவர் விடாமல் விளித்து, மைக் செட்டுக்காரருக்கும் நன்றி சொல்லி முடித்தபோது மணி அடித்துவிட்டார்கள். மூன்று நிமிஷமும் போய்விட்டது. விஷயத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

திரும்பிப் பார்த்தால் ஆட்டுக்காரரைக் காணவில்லை. வாசலில் வாளித் தண்ணீர் இருந்ததைப் பார்த்து வைத்திருக்கிறார் மனுஷர். மேலங்கியை அதில் முக்கி, பிழியாமல், சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு நேரே மேடைக்கு நடந்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் எழுவதற்குள், தலைமை தாங்கிய பெண் அதிகாரியின் முன்னால் நீட்டிவிட்டார்.

"அம்மா, இதக் கொஞ்சம் புடிச்சுப் பாருங்க."

அவர் வாங்கினார். கனத்தில் கை மேஜையில் இறங்கியது.

"ரெண்டு பையிலயும் தண்ணி ஏறிக்கிடும். முங்குனா மேல எழும்பி மூஞ்சிய மூடும். இதப் போட்டுக்கிட்டு ஒரு மாட்டு வயித்துக்கு அடியில போவ முடியுமாம்மா? நான் கழட்டிட்டுத்தான் இறங்குதேன். கழட்டுனா நான் சட்டத்துல இல்லையாம்."

மொத்தமே அவ்வளவுதான் பேசினார். அந்த அம்மா மசோதாவைப் புரட்டி அந்தப் பிரிவை இரண்டு தரம் படித்தார். மேலங்கியிலிருந்து வழிந்த தண்ணீர் அவர் தாளை நனைத்தது. பென்சிலை எடுத்து "மேலங்கி அணிந்திருந்த" என்பதை அடித்துவிட்டு, மேலே ஏதோ எழுதி, மைக்கில் வாசித்தார்: "நிலையத்தின் அழைப்பின்பேரில் பணியில் ஈடுபட்ட தன்னார்வலர்." இப்படி மாற்றச் சொல்லிச் சென்னைக்கு எழுதுவதாகச் சொன்னார். பட்டாசுக் கடைக்காரர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று தட்டினேன். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

ஆட்டுக்காரர் மட்டும் தட்டவில்லை. "பழைய எலும்புக்கு இது செல்லுமாம்மா?" என்று கேட்டார். செல்லாது, இனிமேல் நடப்பதற்குத்தான் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். "இனி உடையிறவனுக்கு ஆவும்லா, சரி" என்று சொல்லிவிட்டு, மேலங்கியை வாங்கி வெளியே போய்ப் பிழிந்தார்.

நேரே பனவடலிசத்திரத்துக்குப் போனோம். தொழுவத்தில் குட்டிகளைப் பிரித்து அடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியிடம் நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சிலால் அடித்ததை விரலால் நடித்தே காட்டினேன்.

"அப்போ சட்டமாயிட்டா அண்ணாச்சி?"

"இன்னும் இல்ல தாயி. சென்னைக்குப் போயி, சட்டசபையில வச்சு, பெறவு..."

"அது வார வரைக்கும் நீங்க இறங்குங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு நீச்சல் தெரியாதே தாயி."

"இத்தன வருசமா அங்கன மேல நின்னு அப்படிப் புடி, இப்படிப் புடின்னு இவுகளுக்குச் சொன்னியளே. உங்களுக்கா தெரியாது?"

ஆட்டுக்காரர் ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டு தரையையே பார்த்தார். அவர் உதவிக்கு வரவில்லை. எனக்கு முதலில் ரோஷம் வந்தது, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வெட்கம் வந்தது. அவள் கேட்டதில் ஒரு எழுத்துத் தப்பில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்தெட்டு வயதில், முதுகில் இரண்டு காலி எண்ணெய் கேன்களைக் கட்டிக்கொண்டு ஆட்டுக்காரர் வீட்டுக் கிணற்றில் இறங்கினேன். ஊரில் பாதிப்பேர் கரையில் நின்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நான் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. ஏழாவது வாரம் கேன் இல்லாமல் இந்தப் படியிலிருந்து எதிர்ச் சுவரைத் தொட்டேன். தொட்டதும் அந்தக் கிணறே அதிரும்படி கத்தினேன். அவள் மேலிருந்து எட்டிப் பார்த்து, "சரி, இனி ரெண்டு பேரா இறங்குனா இவுகள அனுப்புதேன்" என்றாள்.

மசோதா இன்னும் சட்டசபைக்கு வரவில்லை. போன மாதம் நிலையத்திலிருந்து போன் வந்தது, கிணற்றில் கன்றுக்குட்டி. ஆட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் சட்டைப் பித்தானைக் கழற்றினேன். இரண்டு பேருமாக இறங்கினோம்.