கோவளத்துக் கடலுக்குள் மீன் பார்க்கப் போனோம்: முகத்தில் எண்ணெய் தேய்த்துப் போகாதீர்கள்

என் பேத்தி மெக்சிகோ நாட்டுக் கடலோரத்துக்குப் புருஷனோடு போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்த்த படங்களை அனுப்பினாள். "மீன் பார்க்க அவ்வளவு தூரம் எதுக்கு? எங்க ஊர்க் கடல்ல இல்லாத மீனா?" என்று கேட்டுவிட்டேன். "அப்போ நீங்க போய்ப் பாத்துட்டு எழுதுங்க" என்றாள். போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்புத்தான் என்றாலும் எழுதுவது முழுக்க நானே. பிழை திருத்துவது மட்டும் அவள்.

பேத்தியிடம் வாய் விட்டதுதான் வெளிக்காரணம். உள்ளே வேறு ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரருக்கு வயது எழுபத்தொன்று. சர்க்கரையால் இடது கண் மங்கிவிட்டது. வலது கண்ணுக்கு ஊசி போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. அந்தக் கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே புதிதாக ஏதாவது ஒன்றை அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார். "முங்காம மேலயே மிதக்குறதுன்னா போகலாம்" என்று டாக்டர் சொன்னதையும் முன்பே கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சனி, ஞாயிறு என்றால் கோவளத்தில் கால் வைக்க இடம் இருக்காது. சாலைக் கடைத்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலை ஆறேகாலுக்கு ஆட்டோவில் கிளம்பினோம். பதினான்கு கிலோமீட்டர், நானூறு ரூபாய். கிழக்கே கோட்டை பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸும் உண்டு. கடலில் இறங்கும்முன் வயிறு நிறையச் சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் ஆளுக்கு இரண்டு இட்லி மட்டும்.

கிளம்பும் முன் நான் ஒரு வேலை செய்தேன். கடலில் குளிக்கப் போனால் தலைக்கும் முகத்துக்கும் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் போவோம். உப்பு பிடிக்காது. அன்றைக்கும் அப்படியே தாராளமாகத் தேய்த்துக்கொண்டேன். அவருக்கும் தேய்த்துவிட்டேன்.

எங்களைக் கூட்டிப்போக வந்தவர் ஷிபு. பக்கத்து மீன்பிடி ஊரான விழிஞ்ஞத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். மிதக்கும் சட்டை, கண்ணாடி, மூச்சுக்குழாய், அவர் நெற்றியில் மாட்டிய கேமராவில் எடுக்கும் வீடியோ எல்லாம் அதிலேயே அடக்கம். ஏழரைக்கு இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்து என் முகத்தில் மூக்கையும் சேர்த்து மூடும் அந்தக் கண்ணாடியை மாட்டினார். வழுக்கியது. இழுத்துக் கட்டினார். குனிந்தேன், கண் நிறைய உப்புத் தண்ணீர். மூன்று தடவையும் அப்படியேதான்.

ஷிபு என் கன்னத்தை உற்றுப் பார்த்தார். "அம்மே, மொகத்துல எண்ண உண்டோ?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சமா? அப்பளம் பொரிக்கலாமே! ஒம்பது மணிக்குக் காத்து கேறும். பின்ன வெள்ளம் கலங்கிப் போவும், ஒண்ணும் காணாது. வேகம் கழுவிட்டு வாங்க."

கடல் தண்ணீரில் எண்ணெய் போகுமா? ஈரத் துணியோடு கரையேறி ஓடினேன். சாயாக் கடையில் ஒரு சேச்சி மிளகாய் பஜ்ஜிக்கு மாவு கரைக்கத் தொடங்கியிருந்தார்.

"சேச்சி, ஒரு பிடி கடலமாவு தாங்க."

"மாவு மாத்ரமோ? பஜ்ஜி வேண்டே?"

"மொகத்துக்கு."

"ஐயோ, மொகத்துலயா பஜ்ஜி போடப் போறீங்க!" என்று சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. என் முகத்தைக் கழுவிவிட்டு, பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரரை உட்கார வைத்து, அவர் முகத்தையும் தேய்த்துக் கழுவினேன். "ஏட்டீ, கண்ணுல போவுது, மெள்ள!" என்று சத்தம் போட்டார். வலது கண்ணுக்குப் பக்கத்தில் விரல் நுனியால்தான் தொட்டேன்.

திரும்பிப் போகும்போது எட்டே கால். எனக்குக் கண்ணாடி பிடித்துக்கொண்டது, அவருக்குப் பிடிக்கவில்லை. மீசை வழியாகத் தண்ணீர் புகுந்தது. எடுத்துவிடலாமா என்று ஷிபு கேட்டார்.

"மீனப் பாக்கறதுக்கு மீசைய எடுக்கணுமா? நீ மட்டும் போயிட்டு வாட்டீ" என்று கரையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

"நீங்க வரலைன்னா நானும் போகல" என்று தண்ணீரிலேயே நின்றேன். ஷிபு எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு இடுப்புப் பையிலிருந்து வாசலின் டப்பாவை எடுத்து, முடியின் இடைவெளி அடைபடும்படி அவர் மீசையில் மட்டும் அப்பினார். கண்ணாடி கச்சிதமாக உட்கார்ந்தது.

"என்னையக் கழுவச் சொல்லிட்டு அவருக்கு மட்டும் தடவுறீங்களே" என்றேன்.

"அம்மைக்கும் மீச உண்டெங்கில் தடவலாம்" என்றார் ஷிபு. என் வீட்டுக்காரர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

பாறை ஓரமாக, இரண்டு ஆள் ஆழத்தில் மிதந்தோம். நடுவில் ஷிபு, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு பாறையில் அசைந்த பாசி. அப்புறம் மீன்கள், கூட்டமாக, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல். என் வீட்டுக்காரர் மறு கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். சின்ன மீன் ஒன்று, பாறைப் பொந்துக்குள் போவதும் வருவதுமாக. இருபது நிமிடம் இருந்திருப்போம். காற்று கிளம்பியதும் கரைக்கு வந்துவிட்டோம்.

பசியென்றால் அப்படி ஒரு பசி. சேச்சி கடையில் எட்டு பஜ்ஜியும் இரண்டு சாயாவும். பதினொன்றரைக்கு விழிஞ்ஞத்தில் ஊண் என்கிற சோற்றுச் சாப்பாடு, கப்பைக்கிழங்கு, நெய்மீன் வறுவல். இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்நூற்று நாற்பது ரூபாய். மீனைப் பார்த்துவிட்டு வந்து மீனைத் தின்பதா என்று அவர் ஒரு நிமிடம் யோசித்தார். ஒரு நிமிடம்தான்.

சாப்பிடும்போது பேச்சு அந்தச் சின்ன மீனுக்கு வந்தது.

"என்னா நீலம்! வாலு மட்டும் மஞ்ச" என்றார்.

"நீலமா? கறுப்புல்லா. வாலு வெள்ளை."

"நீலம்ட்டீ. நான் பாத்தேன்."

வலது கண்ணும் நிறம் தெரியாமல் போகத் தொடங்கிவிட்டதோ? "சரி, நீலந்தான்" என்று நான் விட்டுக்கொடுத்ததில் அவருக்கும் ஏதோ புரிந்துவிட்டது. தட்டைப் பார்த்து மீனில் முள் எடுக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் ஷிபுவின் வீடியோ என் போனுக்கு வந்தது. கையைக் கழுவாமலேயே திறந்தேன். அதே பொந்து, அதே மீன். பளீரென்ற நீலம், மஞ்சள் வால். என் நெற்றியோரம் கழுவாமல் விட்டுப்போன எண்ணெய் கண்ணாடிக்குள் கசிந்து, நான்தான் மங்கலாகப் பார்த்திருக்கிறேன்.

போனை அவர் பக்கம் திருப்பினேன். பார்த்தார். "இன்னொரு துண்டு மீன் சொல்லு" என்றார். தோற்றுப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு நினைவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். காலை ஏழரைக்கே இறங்கிவிடுங்கள். சேலை வேண்டாம், சுடிதார் நல்லது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போகாதீர்கள். மீசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீச்சல் தெரிய வேண்டியதில்லை, எனக்கும் தெரியாது. போவதென்றால் இந்த வருடமே போங்கள், அடுத்த வருடம் என்று வைக்காதீர்கள்.

எங்களுக்கு அடுத்த கண் பரிசோதனை வரும் திங்கட்கிழமை. டாக்டர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வோம். அந்த மீன் நீலம்.