கவலையைப் பங்கு போட்ட சம்பந்தி

செய்தி வந்தபோது கடையில் தார்ப்பாய் அளந்துகொண்டிருந்தேன். தள்ளுவண்டிக்கு மேலே கட்ட ஒரு பழக்காரர் கேட்டிருந்தார். போனில் மகன் கார்த்தி, "அப்பா, அத்தை போயிட்டாங்க" என்றான். அளந்ததை வெட்டி, மடித்து, பழக்காரர் கையில் கொடுத்து அனுப்பிய பிறகுதான் ஷட்டரை இறக்கினேன். ஸ்டெல்லா அம்மா இதைத் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். வந்த ஆளை நிற்க வைத்துவிட்டு மூக்கைச் சிந்துவது அவருக்கே பிடிக்காது.

அவர் என் மருமகள் ஜெனியின் தாய். இந்த நினைவு மலரைப் படிக்கிற பள்ளிக்கரணை மாதா கோயில்காரர்களான உங்களுக்கு அவரை என்னைவிட அதிக வருடம் தெரியும். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் சீக்கிரமே தவறிய பிறகு ஒற்றைப் பெண்ணைத் தனியாக வளர்த்தவர் என்பதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஸ்டெல்லா அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கார்த்தி, ஜெனி கல்யாணத்தில் இரண்டு வீட்டுக்குமே விருப்பமில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் முதன்முதலாக எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் வியாபாரி. எதிராளி முதலில் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருப்பது என் பழக்கம். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ரொம்ப பயமா இருக்கு அண்ணா. உங்களுக்கு?" என்றார். பேரம் பேச உட்கார்ந்த இடத்தில் இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. "எனக்கும்தான்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது என்று என் மனைவி கோமதி இன்றைக்கும் சொல்வாள்.

சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு பங்குனி வாரத்தில்தான் அவரை நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

ஜெனிக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. இந்த முறையும் லேசாக உதிரம் படவே, டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்த வாரத்தைத் தாண்டணும். அதுவரைக்கும் எழுந்து நடக்கக் கூடாது." மாடிப்படி ஏறக்கூடாது என்பதால் கீழே முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். ஜன்னலுக்கு வெளியே மதில் வரைக்கும் ஒடுக்கமாக ஒரு தோட்டம். கறிவேப்பிலை, கனகாம்பரம், கொஞ்சம் கீரை, மதிலோரம் ஒரு முருங்கை.

அன்று மாலையே சம்பந்தியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கையில் துணிப்பை, மடியில் மல்லிகைத் தொட்டி. வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லையாம். ஆட்டோக்காரர் தொட்டியை இறக்கி வைத்தபடி, "பள்ளிக்கரணைலேர்ந்து கொழந்த மாரி மடிலயே வச்சிகினு வந்துச்சு சார். பள்ளத்துல வண்டி எறங்குனா எனுக்கு வுழுது திட்டு" என்றார்.

அன்றைக்கு நாங்கள் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். கோமதி போய் "வலிக்குதாம்மா?" என்பாள். அவள் வெளியே வந்ததும் நான் போய், "ஒண்ணும் இல்லையே?" என்பேன். கார்த்தி ஆபீஸிலிருந்து போன் செய்து அதையே கேட்பான். கடைசியில் ஜெனி வெடித்துவிட்டாள். "ஆளாளுக்கு வந்து கேட்டா வலிக்காததுகூட வலிக்கும் மாமா! கொஞ்சம் விடுங்களேன்!"

சம்பந்தியம்மா எங்கள் இருவரையும் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எக்ஸ்சேஞ்சுல ஒரே லைனை மூணு பேரு எடுத்தா ஒருத்தருக்கும் பேச்சு கேக்காது. அதனால பிரிச்சுக்கலாம். கோமதி, உனக்கு அவ சாப்பாடு, மாத்திரை. அதைப் பத்தி மட்டும் கவலைப்படு. ஜெனியும் வயித்துப் புள்ளையும் என் டூட்டி. அண்ணாவுக்கு வானம்."

"வானமா?" என்றேன்.

"மழையை நம்பிக் கடை வெச்சிருக்கறவர் நீங்கதானே? காத்து, மழை, கரண்ட்டு, ரோட்டுல தண்ணி, ராத்திரி அவசரம்னா வண்டி. எல்லாம் உங்களுது."

"அப்ப கார்த்திக்கு?" என்றாள் கோமதி.

"மாப்பிள்ளைக்குச் சிறுசேரி ஆபீஸே போதும். பாவம், அங்க இருக்கறதே பெரிய கவலை."

சிரித்தோம். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாள் நான் ஜெனியின் அறைப்பக்கம் எட்டிப் பார்த்தபோது, "வானம் அந்தப் பக்கம் இருக்கு அண்ணா" என்று வாசலைக் காட்டினார்.

தாம்பரம் மார்க்கெட்டில் தார்ப்பாயும் கயிறும் விற்று முன்னுக்கு வந்தவன் நான். மேகம் திரண்டால் ஊர் முகம் சுளிக்கும், எனக்குக் கல்லா நிறையும். அப்படிப்பட்டவனுக்கு அந்த வாரம் மேகத்தைக் கண்டாலே ஆகவில்லை. பருவமும் ஒழுங்காக இல்லை. விடிகாலையில் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனி. பத்து மணிக்கு மண்டையைப் பிளக்கும் வெயில். சாயங்காலம் எங்கிருந்தோ ஒரு சுழல்காற்று, நாலு தூறல், கரண்ட் கட். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் நீலமாக இருக்கும். தூறல் பட்ட மல்லிகை மொட்டுகள் பழுப்பேறி உதிர்ந்தன. சம்பந்தியம்மா தொட்டியை ஜன்னலுக்கு நேராக நகர்த்தி வைத்து, தப்பித்த மொட்டுகளை ஜெனி பார்க்கும்படி செய்தார். பழுப்பேறிய மொட்டுகளை அவள் விழிப்பதற்குள் பொறுக்கிவிடுவார். ஒரு நாள் ஜெனி, "அம்மா, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டுக் குப்பையில மறைக்காத" என்றாள். "குப்பை உன் டூட்டி இல்ல, படு" என்று பதில் வந்தது.

முருங்கை மரம்தான் எனக்குத் தலைவலியாக நின்றது. பூவும் பிஞ்சுமாக அந்த வருடம் வஞ்சனையில்லாமல் காய்த்திருந்தது. ஒரு பெரிய கிளை ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடந்தது. முருங்கை எவ்வளவு சீக்கிரம் முறியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆளைக் கூப்பிட்டு வெட்டிவிடலாம் என்றேன். கோமதி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"புள்ளத்தாச்சி இருக்கற வீட்டுல பச்சை மரத்த வெட்டுவாங்களா? உங்களுக்கு என்ன ஆச்சு?"

"அது மேல விழுந்தா பரவாயில்லையா?"

"வாய்ல நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?"

எனக்கு ஓர் ஆதரவு வேண்டியிருந்தது. சம்பந்தியம்மா பக்கம் திரும்பினேன். "நீங்க சொல்லுங்க. நீங்க இதையெல்லாம் நம்ப மாட்டீங்கல்ல?"

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "நான் நம்பல அண்ணா" என்றார். "ஆனா இந்த வாரம் வேணாமே."

கடையிலிருந்து நல்ல நைலான் கயிறாக எடுத்துவந்து, கிளையை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இழுத்து, மதிலை ஒட்டிய இரும்புக் கம்பத்தில் கட்டினேன். ஏணியின் கீழ்ப்படியைச் சம்பந்தியம்மா பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கமாக மீன் கூடையோடு வந்த கோவளத்து அக்கா நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னா நைனா, மரத்தக் கட்டிப் போட்டுகினு கீற? வூட்ட வுட்டு ஓடிப் போவுதா?"

"ஓடாது, விழும்."

"வுழுந்தா வுழட்டும், காயி எனுக்குக் குடு. நெத்திலிக்குப் போட்டா ஷோக்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளேயிருந்து ஜெனி சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த வாரத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். ஏணிக்குக் கீழே சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அது என் டூட்டி இல்லை.

காற்று மறுநாள் மதியம் வந்தது. கடையிலிருந்து கிளம்பி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறேன், மண்ணை வாரிக்கொண்டு ஒரே சுழற்சி. என் கயிறு தாங்கியது. கயிறு கட்டிய இடத்துக்குக் கீழே கிளை தாங்கவில்லை. வெடிபோட்ட மாதிரி ஒரு சத்தம். முறிந்த கிளை கீரைப்பாத்தி மேல் விழுந்து, அதன் நுனி ஜன்னல் கம்பியில் வந்து அறைந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் ஜெனி கட்டிலிலிருந்து துள்ளி எழுந்துவிட்டாள். நான் உள்ளே ஓடியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமா, வயிறு இழுக்குது" என்றாள்.

காரில் ஏற்றி, காற்றோடு கொட்டத் தொடங்கிய மழையில் ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்திக்கொண்டது. சம்பந்தியம்மா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். கார்த்தி ஓ.எம்.ஆரில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு போன் மேல் போன் செய்துகொண்டிருந்தான். என்னால் உட்கார முடியவில்லை. வெட்டியிருந்தால் இது நடந்திருக்காது என்று ஒரு பக்கம் மனம் கொதித்தது. அதைச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் இன்னொரு பக்கம். சொன்னால் அதற்குப் பிறகு இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் அந்த வார்த்தைதான் நிற்கும்.

அவரே சொன்னார். "வெட்டியிருக்கணும்னு நினைக்கிறீங்க. நானும் அதைத்தான் நினைச்சுட்டிருக்கேன். வெட்டி, அப்புறம் இப்படி ஆகியிருந்தா, வெட்டாம இருந்திருக்கலாம்னு நினைச்சிருப்போம்."

"மரம் என் டூட்டியாச்சே சம்பந்தி."

"ஆமா. விழுந்துடுச்சு. அதோட உங்க டூட்டி முடிஞ்சுது. இப்ப என் டூட்டியில வந்து நிக்காதீங்க. உக்காருங்க."

அதட்டல்தான். ஆனால் என் முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உட்கார்ந்தேன். அவர் ஜெபமாலையை எடுத்து, உதடு அசையாமல் உருட்ட ஆரம்பித்தார்.

கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். "துடிப்பு நல்லா இருக்கு. பயந்துட்டா, அவ்வளவுதான். இன்னிக்கு இங்கயே இருக்கட்டும்." கேட்டதும் எழுந்த சம்பந்தியம்மா அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். "கொஞ்ச நேரம் நீங்க பாத்துக்குங்க அண்ணா" என்று கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த டூட்டியை என்னிடம் கொடுத்தார், அரைமணி நேரத்துக்கு.

ஜெனி வீடு திரும்பிய அன்று, விழுந்த கிளையிலிருந்து பூவையெல்லாம் உருவி, தேங்காய் போட்டுப் பொரியல் செய்திருந்தாள் கோமதி. "வெட்டலையே, தானா விழுந்ததுதானே, சாப்பிடலாம்" என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னாள். ஜெனி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். வாரம் தாண்டியது. மாதங்களும் தாண்டின. பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது எங்கள் வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

இந்தத் தை மாதம் சம்பந்தியம்மாவுக்கே உடம்புக்கு வந்தது. தேறாது என்று அவருக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. போய்ப் பார்த்தவர்களிடமெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்படைத்துக்கொண்டிருந்தார். மல்லிகைத் தொட்டி கோமதிக்கு. வீட்டு வரி, கரண்ட் பில் கார்த்திக்கு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஜெனி உங்களுக்கு" என்றார்.

"கார்த்தி இருக்கான், கோமதி இருக்கா. நான் எதுக்கு?" என்றேன்.

"அவங்க அன்பா இருப்பாங்க. நான் அதைக் கேக்கல. கவலைப்பட ஓர் ஆள் வேணும். அது உங்களுக்குத்தான் நல்லா வரும்." மூச்சு வாங்கிவிட்டுச் சேர்த்துச் சொன்னார்: "எக்ஸ்சேஞ்சுல அடுத்த ஆள் வந்து உக்காராம நாங்க சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டோம் அண்ணா. அதான் ரூல்."

சரி என்றேன்.

அவருடைய நகை, வீடு, சாமான் எதுவும் எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். என்னிடம் இருப்பது இந்தக் கவலை ஒன்றுதான். ஜெனி மறுபடி நாவலூர் ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போகிறாள். சாயங்காலம் ஆனால் கடையில் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. வீட்டுக்கு வந்து கேட் பக்கத்தில் நிற்கிறேன். நேற்றும் நின்றேன். வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியவள், "என்ன மாமா, வெளில நிக்கிறீங்க?" என்றாள்.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு. அதான் பாத்துட்டு நின்னேன்" என்றேன்.

அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை.