நாலரை அல்ல, நாலு புள்ளி ஐந்து

செய்தி வந்தபோது என் கையில் சாய நிறங்களைக் காட்டும் சாட் விரிந்திருந்தது. காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குத் தலைச்சாயம் தெரிவுசெய்துகொண்டிருந்தேன். பழுகாமத்திலிருந்து வசந்தி அழைத்து, "அக்கா போயிட்டா" என்றாள். வந்தவரை இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

வசந்தியின் அக்கா சுகந்தியும் நானும் மட்டக்களப்பில் பதினொரு வருடம் ஒரே அழகு நிலையத்தை நடத்தினோம். மணப்பெண் அலங்காரம் எனக்கு, தலைச்சாயம் அவளுக்கு. எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பொறுமை நீளம். என் சத்தத்தைக் கேட்டு உள்ளே வருகிறவர்கள் அவளுடைய கதிரையில்தான் போய் இருப்பார்கள். இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பலர் அப்படி இருந்தவர்கள்தான்.

சாட்டைத் திறந்ததும் எல்லோரும் அட்டையில் சிரிக்கிற பெண்ணைத்தான் பார்ப்பார்கள். சுகந்தி அந்தப் படத்தைக் கையால் மூடிவிட்டு, "அவட முகத்தப் பாக்காதீங்க, நம்பரப் பாருங்க" என்பாள். முதல் எண் கருமையின் அளவு. ஒன்று என்றால் கறுப்பு, எண் கூடக்கூட நிறம் வெளிறும். புள்ளிக்குப் பின்னால் வருவது சாயல். எங்கள் சாட்டில் மூன்று பொன், நாலு செம்பு, ஐந்து செம்பழுப்பு. பிறகு ஆளை வாசலுக்குக் கூட்டிப்போய், பகல் வெளிச்சத்தில் சாட்டில் ஒட்டியிருக்கும் நைலோன் மயிர்க் கற்றையைப் புருவத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பாள். கடை லைட்டுக்குக் கீழே எல்லா நிறமும் எல்லோருக்கும் பொருந்தும் என்பது அவள் கட்சி. மருதோன்றி போட்ட தலையா என்பதைச் சாட்டை விரிக்க முன்னரே கேட்டுவிடுவாள்.

ஒருமுறை ஒரு பெண் முழுக் கறுப்புத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "முழுக் கறுப்பு வயசக் குறைக்காது, முகம் கோவிச்ச மாதிரித்தான் கிடக்கும்" என்று சொல்லி, அரை மணித்தியாலம் பேசி அவருக்கு மூன்றாம் எண்ணைப் போட்டு அனுப்பினாள். அவளுடைய தலை மட்டும் நரைத்தபடியே இருந்தது. உனக்கு எப்போது என்று நான் கேலி செய்தால், "வாற சனமெல்லாம் அடிச்சு முடியட்டும்கா" என்பாள்.

இனி நான் எழுதவேண்டியதை எழுதுகிறேன். களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு அவள் போயிருந்த நாள். எங்களிடம் நெடுநாளாக வரும் ஒரு ரீச்சர் வந்தார். இரண்டு நாளில் மகனுக்குக் கலியாணம், தலையில் முக்கால்வாசி நரை. சுகந்திக்குப் போன் எடுத்தேன். நாலாம் எண்ணையும் ஐந்தாம் எண்ணையும் சரிபாதி கலந்து போடு என்றாள். நான் கடதாசித் துண்டில் 'நாலரை' என்று எழுதிக்கொண்டேன். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் வேறென்ன இருக்கிறது? சாட்டைப் பார்த்தால் 4.5 என்று ஒரு நம்பர், தட்டில் அதற்கு ஒரு ட்யூப். ஒன்றே இருக்கும்போது இவள் ஏன் இரண்டைக் கலக்கச் சொல்கிறாள் என்று என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு போட்டேன். புள்ளிக்குப் பின்னால் வருவது சாயல் என்று அவள் ஆயிரம் தடவை சொல்லக் கேட்டவள் நான். கழுவித் துவட்டியபோது ரீச்சரின் நரையெல்லாம் பீற்றூட் அவித்த தண்ணீரின் நிறத்தில் இருந்தது.

"யார் சொன்ன நிறம் இது?" என்று கேட்டார் ரீச்சர்.

"சுகந்திதான் போன்ல சொன்னவ" என்றேன். அவள் போனில் சொன்னது உண்மைதானே என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை ரீச்சர் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு சுகந்தியிடம் வந்தார். அவள் தலையைப் பார்த்தாள், குப்பைக்கூடையில் கிடந்த ட்யூப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சீப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ட பிழைதான் ரீச்சர். நான் விளங்கச் சொல்லல்ல" என்றாள்.

சரிசெய்து தருகிறேன் என்று அவள் கெஞ்சியும் ரீச்சர் தலையைக் கொடுக்கவில்லை. கலியாணப் படங்களிலெல்லாம் மாப்பிள்ளையின் தாய் முக்காட்டோடு நிற்கிறார். கதை பள்ளிக்கூடத்தில் தொடங்கி ஊருக்குள் வந்தது. சாயத்துக்கு வருகிறவர்கள், நீங்கள் போடுவீர்களா, அவ போடுவாவா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள். நான் போடுகிறேன் என்றேன்.

சுகந்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து நம்பர் சொல்லும்போது மட்டும், "நாலு... புள்ளி... அஞ்சு" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்குத்தான் சொல்கிறாள் என்று தெரிந்து எரிச்சல்பட்டேன். இரண்டு வருடம் கழித்து, பஸ் பயணம் ஏலாது, வீட்டிலேயே தொழில் செய்யப்போகிறேன் என்று சாட்டை என்னிடம் விட்டுவிட்டுப் பழுகாமத்துக்குப் போனாள். நில் என்று நான் சொல்லவில்லை. அவளுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டபோதும், கலியாண மாதம் முடியட்டும் என்று நாளைக் கடத்தினேன். வாவிக்கு அந்தப் பக்கப் படுவான்கரை என்ன கடல் கடந்தா இருக்கிறது?

செத்த வீட்டுக்கு ரீச்சரும் வந்திருந்தார். தலை முழு வெள்ளை. அன்றைக்குப் பிறகு அவர் சாயமே போடவில்லையாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் புள்ள, ஒரேயொரு பிழைதான் விட்டவ. நான்தான் அத ஊரெல்லாம் கதைச்சிட்டன்" என்று அழுதார். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. இத்தனை நீள வாய் எனக்கு எதற்கு?

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி நல்லதாக ஒரு பக்கம் எழுதித் தரும்படி வசந்தி கேட்டாள். அவளிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். மலர் ரீச்சரின் வீட்டுக்கும் போகும். சுகந்தியின் சாட் என்னிடம் இருக்கிறது. காத்தான்குடிப் பெண் நேற்று மறுபடி வந்தார். வாசலுக்குக் கூட்டிப்போய்க் கற்றையைப் புருவத்தோடு பிடித்து, "அஞ்சு... புள்ளி... மூணு" என்றேன். ஏன் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

ரீச்சர், அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் சொல்கிறேன். அந்த நிறம் சுகந்தி சொன்னதல்ல. நான் போட்டது.